வெள்ளைப்படுதலும் நலக்கல்வியும்: மடத்துக்குளம் வட்டாரப் பெண்களை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

யோனித் தொற்றுகள் பெண்களிடையே பரவலாகக் காணப்படுபவை. பெரும்பாலானவை எளிய மருந்துகளால் குணமாகக் கூடியவை. எனினும், அறிகுறி தோன்றிய பின்னரும் மருத்துவத்தை நாடாத பெண்களே மிகுதி என்பதைத் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு காட்டுகிறது. இந்நிலைக்குப் பெண்களின் அறியாமையும் தூய்மைக் குறைவுமே காரணம் என்று கொள்ளும் நலக்கல்வி போதிய பயன் தருவதில்லை. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டாரத்தின் உழைப்புச் சூழலை முன்வைத்து, இயல்பான கசிவையும் நோயையும் பிரித்தறியக் கற்பித்தல், பெண்களின் வழக்குச் சொற்களைப் பயன்படுத்துதல், மருத்துவம் கிடைக்கும் இடத்தையும் நேரத்தையும் நலக்கல்வியின் உள்ளடக்கமாக்குதல் ஆகியவற்றின் தேவையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வெள்ளைப்படுதல், யோனித் தொற்று, நலக்கல்வி, மடத்துக்குளம், ஆலைப் பெண்கள், கிராம சுகாதாரச் செவிலியர்.

முன்னுரை

‘வெள்ளைப்படுதல்’ என்னும் சொல் தமிழ்ப் பெண்களின் பேச்சில் ஒரு நோயின் பெயராகவும் ஓர் உடலியல் நிகழ்வின் பெயராகவும் ஒருங்கே வழங்குகிறது. மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் தோன்றும் இயல்பான கசிவு, பூஞ்சையால் உண்டாகும் அரிப்பு, உடலுறவின் வழிப் பரவும் தொற்று, கருப்பைவாய்ப் புற்றுநோயில் காணப்படும் நீர்க்கசிவு ஆகிய அனைத்தும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு சொல் இத்தனை பொருளைச் சுமக்கும்போது, நோயில்லாத பெண் அஞ்சுவதும், நோயுள்ள பெண் ‘எல்லாருக்கும் உள்ளதுதானே’ என்று பொறுத்துக்கொள்வதும் நிகழ்கின்றன. ஆகவே, இச்சொல்லின் பொருள்களைப் பிரித்துக் காட்டுவது நலக்கல்வியின் முதற்கடமையாகிறது.

அக்கடமையை நிறைவேற்றும் வழி எது என்பதைத் தீர்மானிக்க, பெண்கள் ஏன் மருத்துவத்தை நாடுவதில்லை என்பதை முதலில் அறிதல் வேண்டும். இந்தியாவில் நடந்த முக்கிய ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து, அவற்றை மடத்துக்குளம் வட்டாரச் சூழலோடு பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மடத்துக்குளம்: நிலமும் உழைப்பும்

அமராவதி ஆற்றங்கரையில், உடுமலைப்பேட்டைக்கும் பழனிக்கும் இடையில் அமைந்த ஊர் மடத்துக்குளம். 2009 ஆம் ஆண்டு திருப்பூர் மாவட்டம் உருவானபோது, உடுமலைப்பேட்டை வட்டத்திலிருந்து பிரிந்து தனி வட்டமாயிற்று. கணியூர், குமரலிங்கம், கொழுமம், சங்கராமநல்லூர் முதலியன இப்பகுதியின் ஊர்கள். அமராவதிப் பாசனத்தால் நெல்லும் கரும்பும் தென்னையும் இங்கு விளைகின்றன. கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்துள்ளது. உடுமலைப்பேட்டையைச் சூழ்ந்த நூற்பாலைகளும், வடக்கே திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களும் இவ்வட்டாரத்துக்கு வேலை தருகின்றன.

இதனால் இருவகை உழைப்பு இங்குள்ள பெண்களின் நாளை வகுக்கிறது. வயலில் நடவு நடும், களை பறிக்கும் பெண்கள் மணிக்கணக்கில் சேற்றில் நிற்கின்றனர். வேலையிடத்தில் கழிப்பறை இல்லை. ஆலைக்குச் செல்லும் பெண்கள் வேலைமுறைக்கும் உற்பத்தி இலக்குக்கும் கட்டுப்பட்டவர்கள். கழிப்பறை இருப்பினும் இயந்திரத்தை விட்டு எழுந்து செல்வது எளிதன்று. இருவகையினருக்கும் பொதுவான தடை ஒன்று உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளர் பிரிவு இயங்கும் பகல்நேரம் அவர்களுக்கு வேலைநேரமாகும். இலவச மருத்துவத்தைப் பெறுவதற்கும் ஒருநாள் கூலியை இழக்க வேண்டியுள்ளது. நலக்கல்வி குறித்த எந்தத் திட்டமும் இவ்வுண்மையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இயல்பும் நோயும்

பருவமடைந்த பெண்ணின் யோனியில் கசிவு இருப்பது உடல்நலத்தின் அடையாளமே. ஈஸ்ட்ரோஜன் இயக்குநீரால் யோனிச் சுவரின் உயிரணுக்களில் கிளைக்கோஜன் சேர்கிறது. அதனைக் கொண்டு லாக்டோபேசில்லஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியங்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. இதனால் யோனியின் பிஎச் அளவு பொதுவாக 3.8 முதல் 4.5 வரை அமிலத்தன்மையுடன் இருக்கிறது. தீங்கு செய்யும் நுண்ணுயிர்கள் பெருகாமல் அது காக்கிறது. இந்தப் பாக்டீரியத்தை ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892 இல் விவரித்தார்.

இயல்பான கசிவு நிறமற்றதாகவோ வெண்மையாகவோ இருக்கும். அரிப்போ எரிச்சலோ கெட்ட வாடையோ இராது. மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில், கருமுட்டை வெளிப்படும் நாள்களில், அது முட்டையின் வெண்கருபோல் இழுபடும். கருவுற்ற காலத்தில் அளவு கூடும். மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் கசிவு குறைந்து வறட்சி தோன்றும். இவ்வளவும் அறிந்த பெண், மாதத்தின் நடுவில் தோன்றும் கசிவைக் கண்டு ‘உடம்பின் சத்தெல்லாம் இறங்குகிறது’ என்று அஞ்ச வேண்டியதில்லை.

மூவகைத் தொற்று

யோனித் தொற்றுகளில் மூன்று முதன்மையானவை. இவற்றின் காரணமும் மருந்தும் வெவ்வேறு என்பதால், வேறுபாட்டை நலக்கல்வி தெளிவாக உணர்த்த வேண்டும்.

முதலாவது, பாக்டீரியல் வஜைனோசிஸ். இது வெளியிலிருந்து வந்த ஒரு கிருமியின் செயல் அன்று. லாக்டோபேசில்லஸ் குறைந்து, காற்றில்லாச் சூழலில் வாழும் பாக்டீரியங்கள் பெருகும் சமநிலைக் குலைவு. சாம்பல் கலந்த வெண்மையான மெல்லிய கசிவும், குறிப்பாக உடலுறவுக்குப் பின் மிகும் மீன்கவிச்சி வாடையும் இதன் அடையாளங்கள். உலகளவில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் 23 முதல் 29 விழுக்காட்டினரிடம் இது காணப்படுவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. குறைப்பிரசவத்துடனும், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிகுவதுடனும் இதற்குத் தொடர்பு உண்டு. 1983 இல் வகுக்கப்பட்ட ஆம்செல் அளவுகோலில் உள்ள நான்கு அடையாளங்களுள் மூன்று இருப்பின் இந்நோய் உறுதி செய்யப்படுகிறது.

இரண்டாவது, கேண்டிடா பூஞ்சைத் தொற்று. கடும் அரிப்பு, சிவப்பு, சிறுநீர் புறத்தோலில் படும்போது எரிச்சல், தயிர்த் திரிபோன்ற வாடையற்ற கசிவு ஆகியன இதன் அறிகுறிகள். ஏறத்தாழ நான்கில் மூன்று பெண்கள் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதற்கு ஆளாகின்றனர். சர்க்கரை நோய், கருவுற்ற நிலை, பிற நோய்களுக்காக உண்ட ஆன்டிபயாட்டிக் மருந்துகள் ஆகியவை இதனைத் தூண்டும். இது பால்வினை நோயாகக் கருதப்படுவதில்லை. மணமாகாத பெண்ணுக்கும் வரும். ஆலை விடுதியில் தங்கியிருக்கும் இளம்பெண், ஒழுக்கம் குறித்த ஐயத்துக்கு அஞ்சி இதனை மறைக்கும் நிலை நேரலாம் என்பதால், இவ்வுண்மை தனித்து வலியுறுத்தத் தக்கது.

மூன்றாவது, டிரைகோமோனாஸ் என்னும் ஒருசெல் ஒட்டுண்ணியால் உண்டாகும் தொற்று. மஞ்சளோ பச்சையோ கலந்த, நுரைத்த கசிவும் வாடையும் எரிச்சலும் இதில் காணப்படும். அறிகுறியே இல்லாமலும் இருக்கலாம். இது உடலுறவால் பரவுவது. 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் 15 முதல் 49 வயது வரையினரிடையே 15.6 கோடிப் புதிய தொற்றுகள் ஏற்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஆண்களிடம் பெரும்பாலும் அறிகுறி தோன்றாமையால், மனைவி மட்டும் மருந்துண்டு குணமானாலும் கணவரிடமிருந்து நோய் மீண்டும் தொற்றும். கணவனும் மனைவியும் ஒரே காலத்தில் மருந்து பெறுவதே தீர்வாகும்.

வஜைனோசிஸ் மீண்டும் மீண்டும் வருவதிலும் ஆணுக்குப் பங்கு உண்டு என்பது அண்மையில் தெளிவாகியுள்ளது. 2025 இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், பெண்ணுக்கு மட்டும் மருந்தளித்த இணையர்களில் 63 விழுக்காட்டினருக்கு 12 வாரங்களுக்குள் நோய் மீண்டது. ஆணுக்கும் சேர்த்து மருந்தளித்தபோது அது 35 விழுக்காடாகக் குறைந்தது. யோனித் தொற்று குறித்த நலக்கல்வி பெண்களுக்கு மட்டும் உரியது என்னும் கருத்தை இம்முடிவு மாற்றுகிறது.

இந்திய ஆய்வுகள் காட்டுவன

இந்திய ஊரகப் பெண்களின் இந்நோய்ச்சுமையை உலகறியச் செய்தது, மகாராட்டிர மாநிலம் கட்சிரோலியில் மருத்துவர் ராணி பங் குழுவினர் நடத்திய ஆய்வு. 1989 இல் லான்செட் இதழில் அது வெளியானது. ஆய்வுக்குட்பட்ட 650 பெண்களில் 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோய் இருந்தது. முன்பே மகளிர் மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காட்டினர் மட்டுமே.

தமிழ்நாட்டு நிலையை விளக்குவது, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1996–97 இல் ஊரகப் பகுதியில் நடத்தி, 2005 இல் வெளியிட்ட ஆய்வு. 16 முதல் 22 வயது வரையுள்ள, மணமான 451 பெண்கள் இதில் பங்கேற்றனர். 53 விழுக்காட்டினர் அறிகுறிகளைக் கூறினர். 38 விழுக்காட்டினருக்கு ஆய்வகச் சோதனையில் தொற்று காணப்பட்டது. 28 விழுக்காட்டினரிடம் இருந்தவை உடலின் இயல்பான நுண்ணுயிர்கள் சமநிலை குலைவதால் உண்டாகும் தொற்றுகள். 15 விழுக்காட்டினரிடம் இருந்தவை பால்வினைத் தொற்றுகள். வேளாண் கூலிப் பெண்களுக்குப் பால்வினைத் தொற்று இருக்கும் வாய்ப்பு பிறரைவிட 2.4 மடங்காக இருந்தது.

அறிகுறி இருந்தவர்களில் மூன்றில் இரு பங்கினர் எவ்வித மருத்துவமும் பெறவில்லை. அதற்கு அவர்கள் கூறிய காரணங்கள் ஐந்து: அருகிலுள்ள மருத்துவ நிலையத்தில் பெண் மருத்துவப் பணியாளர் இல்லாமை, மறைவிடம் இல்லாமை, தொலைவு, செலவு, இவ்வறிகுறிகள் இயல்பானவையே என்னும் எண்ணம். இவ்வைந்தனுள் அறிவு சார்ந்தது இறுதிக் காரணம் ஒன்றே. ஏனைய நான்கும் மருத்துவ ஏற்பாடு சார்ந்தவை. பெண்களுக்கு நோய் பற்றிய செய்திகளை மட்டும் சொல்லிச் செல்லும் நலக்கல்வி, ஐந்து பூட்டுகளில் ஒன்றை மட்டுமே திறக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் நடத்தி 2005 இல் வெளியிட்ட ஆய்வு, வெள்ளைப்படுதல் என்று முறையிடும் பெண்களிடம் தொற்றைவிட மனச்சோர்வும் குடும்ப நெருக்கடியும் வலுவான தொடர்புடையனவாக இருப்பதைக் காட்டியது. உடற்சோர்வு, இடுப்புவலி, கவலை ஆகியவற்றை வெளிப்படையாகச் சொல்ல இயலாதபோது, சொல்லத்தக்க ஒரு முறையீடாக வெள்ளைப்படுதல் அமைகிறது. ஆகவே பரிசோதனையில் தொற்று இல்லையென்றால், ‘ஒன்றுமில்லை, போ’ என்று அனுப்புவது மருத்துவம் ஆகாது. அப்பெண்ணின் உறக்கத்தையும் உழைப்பையும் வீட்டு நிலையையும் கேட்டறிதல் வேண்டும்.

‘சுத்தம்’ என்னும் பாடத்தின் குறை

யோனித் தொற்று பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘சுத்தமாக இருங்கள்’ என்னும் அறிவுரையில் முடிகிறது. இவ்வறிவுரை இருவகையில் பிழைபடுகிறது. முதலாவதாக, நோயுற்ற பெண்ணை அது தூய்மையற்றவளாக ஆக்குகிறது. அதனால் அவள் நோயை வெளியே சொல்லத் தயங்குகிறாள். இரண்டாவதாக, அவ்வறிவுரையைப் பின்பற்ற முனையும் பெண் தனக்குத் தானே தீங்கு செய்துகொள்கிறாள். வாடையைப் போக்குவதற்காகச் சோப்பு, கிருமிநாசினிக் கரைசல், உப்புநீர் ஆகியவற்றால் யோனியின் உட்பகுதியைக் கழுவும்போது, காப்பாக அமைந்த லாக்டோபேசில்லஸ் அழிகிறது, அமிலத்தன்மை குறைகிறது. உட்புறத்தைக் கழுவும் பழக்கத்துக்கும் வஜைனோசிஸ் நோய்க்கும் தொடர்பு இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. வாடை மிகுதியால் மேலும் கழுவுவதும், கழுவுவதால் வாடை மிகுவதுமாக ஒரு சுழல் உருவாகிறது. வெளிப்புறத்தை நீரால் கழுவினால் போதும். உட்பகுதி தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் என்பதே சொல்லப்பட வேண்டிய செய்தி.

தூய்மை பற்றிய பாடத்தில் சான்றுடன் நிற்பது மாதவிடாய்க்காலப் பழக்கமே. ஒடிசாவில் 486 பெண்களிடம் நடந்து 2015 இல் வெளியான ஆய்வில், மீண்டும் மீண்டும் துவைத்துப் பயன்படுத்தும் துணிக்கும் பிறப்புறுப்பு, சிறுநீர்த் தொற்றுகளுக்கும் தொடர்பு காணப்பட்டது. துணியைப் பிறர் பார்வைக்கு அஞ்சி நிழலில், வீட்டுக்குள் உலர்த்துவது ஈரத்தைத் தங்கச் செய்யும். தமிழ்நாட்டில் 2011 இல் அறிவிக்கப்பட்ட ‘புதுயுகம்’ திட்டம் ஊரக வளரிளம் பெண்களுக்கு விலையில்லாமல் நாப்கின் வழங்கி இக்குறையை ஓரளவு போக்கியது. ஆனால் கையில் நாப்கின் இருந்தும், மாற்றுவதற்கு இடமும் நேரமும் இல்லாவிடில் பயன் குறையும்.

பணியிடமும் நோயும்

1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 19 ஆம் பிரிவில், பெண்களுக்குத் தனியே மறைவுடைய கழிப்பறைகளையும், 18 ஆம் பிரிவில் குடிநீரையும் கட்டாயமாக்கியது. சட்டம் கழிப்பறையைத் தந்தாலும், அங்குச் செல்வதற்கான இடைவேளையை உற்பத்தி இலக்கு பறித்துவிடக்கூடும். கழிப்பறைக்குச் செல்வதைத் தவிர்க்கத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்ணுக்குச் சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு மிகும். சிறுநீர்த் தொற்றையும் யோனித் தொற்றையும் ‘நீர்க்கடுப்பு’, ‘சூடு’ என்ற சொற்களால் ஒன்றாகவே குறிப்பதால், ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உண்ணப்படுகிறது. சிறுநீர்த் தொற்றுக்கு உண்ட ஆன்டிபயாட்டிக் பூஞ்சைத் தொற்றைத் தூண்டுவதும் உண்டு.

பணியிடத்தில் மருந்து வழங்கப்படும் முறையும் கவனத்துக்குரியது. தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் உள்ள ஏறத்தாழ 100 பெண்களிடம் பேசி, தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019 இல் ஒரு புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. மாதவிடாய் வலிக்குப் பெயர் குறிப்பிடாத மாத்திரைகள் பணியிடத்தில் வழங்கப்பட்டதாக அப்பெண்கள் கூறினர். வலியைப் பற்றிய இச்செய்தி தொற்றுக்கும் பொருந்தும். தான் உண்ணும் மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள் என்பவற்றை அறிவது நோயாளியின் உரிமை. மருந்துச் சீட்டையும் மாத்திரை உறையையும் கேட்டுப் பெறவும் நலக்கல்வி கற்பித்தல் வேண்டும்.

சொல்லும் மொழி

நலக்கல்வித் தாள்களில் இடம்பெறும் ‘துர்நாற்றம்’ என்னும் சொல் எல்லாக் கெட்ட வாடையையும் குறிக்கும். நோயைப் பிரித்தறிய உதவாது. ‘மீன்கவிச்சி’ என்றால் சமையலறை அறிந்த எந்தப் பெண்ணும் உடனே அறிவாள். ‘கட்டியான வெண்ணிறத் திரவம்’ என்பதைவிட ‘தயிர்த் திரி’ தெளிவானது. ‘பால்வினை நோய்’ என்ற தலைப்பில் தொடங்கும் கூட்டத்துக்கு மணமாகாத பெண் வரமாட்டாள். ‘வெள்ளைப்படுதல் பற்றி’ என்றால் தாயும் மகளும் சேர்ந்தே வருவர்.

வழக்கிலுள்ள நம்பிக்கைகளையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது. வெள்ளைப்படுதலுக்கு உடற்சூடே காரணம் என்று கருதும் பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கின்றனர்; இளநீர், வெந்தயம், பார்லிக் கஞ்சி ஆகியவற்றை உட்கொள்கின்றனர். சித்த மருத்துவத்தில் வெண்பூசணி லேகியம் இதற்கு வழங்கப்படுகிறது. இப்பழக்கங்களை மூன்றாகப் பகுத்துக் காணலாம்: தீங்கற்றவை, மருத்துவத்தைத் தாமதப்படுத்துபவை, தீங்கு விளைவிப்பவை. இளநீர் அருந்துவது முதல் வகை. அரிப்பும் வாடையும் தொடர்ந்தும் இளநீரையே நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பது இரண்டாம் வகை. யோனியின் உள்ளே எதையேனும் இட்டுக்கொள்வதும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவுவதும் மூன்றாம் வகை. ஸ்டீராய்டு அரிப்பைத் தற்காலிகமாக அடக்கினும் பூஞ்சையை வளரவிடும். முதல் வகையை ஏளனம் செய்யாத செவிலியரின் சொல்லே மூன்றாம் வகையைத் தடுக்கும் வலிமை பெறும்.

கற்பிக்கும் இடமும் கற்பிப்பவரும்

மடத்துக்குளத்துக்குக் கிழக்கே அமைந்த அண்டை மாவட்டமான திண்டுக்கல்லில் நடந்த ஓர் ஆய்வு இவ்விடத்தில் வழிகாட்டுகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயை அசிட்டிக் அமிலம் தடவி வெறுங்கண்ணால் கண்டறியும் முறையை, அம்பிளிக்கை கிறித்தவ ஐக்கிய சமுதாய நல மையத்தின் பங்கேற்புடன், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம் சங்கரநாராயணன் குழுவினர் சோதித்தனர். 2000 முதல் 2003 வரை, தகுதியுடைய 49,311 பெண்களில் 31,343 பேர் பரிசோதனைக்கு வந்தனர். அதாவது ஏறத்தாழ 64 விழுக்காட்டினர். 2007 இல் வெளியான முடிவின்படி, அந்நோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது.

கூச்சத்தின் காரணமாகத் தமிழ்ப் பெண்கள் உட்பரிசோதனைக்கு வரமாட்டார்கள் என்னும் பொதுக்கருத்தை இவ்வாய்வு மறுக்கிறது. வீட்டுக்கு வந்து அழைத்தவர்களும், ஊருக்கருகில் அமைந்த முகாமும், பரிசோதித்த பயிற்சி பெற்ற செவிலியர்களும் அதனை இயலச் செய்தனர். முன்கூறிய ஐந்து காரணங்களில் தொலைவு, செலவு, பெண் பணியாளர் இல்லாமை ஆகிய மூன்றும் இங்கு ஒருங்கே நீக்கப்பட்டமை நோக்கத்தக்கது.

மடத்துக்குளம் வட்டாரத்தில் இதற்கான அமைப்புகள் ஏற்கெனவே உள்ளன. துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதாரச் செவிலியர் ஒவ்வொரு வீட்டையும் அறிந்தவர். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மகளிர் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் வீடு தேடி மருந்து தருகின்றனர். சர்க்கரை நோயுள்ள பெண்ணிடம் ‘அரிப்பு உண்டா?’ என்று கேட்கும் ஒரு கேள்வியை அவ்வருகையில் சேர்க்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம், நூறு நாள் வேலையிடம், ஆலை விடுதியின் வார விடுமுறை நாள் ஆகியவை பெண்கள் கூடும் இயல்பான இடங்கள்.

மருத்துவத் தரப்பில், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அறிகுறி சார்ந்த சிகிச்சை முறையை வகுத்துள்ளது. ஆய்வக வசதி இல்லாத இடத்திலும், யோனிக் கசிவுக்குப் பச்சை நிற மருந்துப் பொதி வழங்கப்படுகிறது. செக்னிடசோல் 2 கிராம், ஃபுளுகோனசோல் 150 மில்லிகிராம் ஆகியவை அதில் உள்ளன. உடனடி மருந்து கிடைப்பது இம்முறையின் சிறப்பு. இயல்பான கசிவுக்கும் மருந்து தரப்பட்டுவிடுவதும், கருப்பைவாய்த் தொற்றை இம்முறையால் சரியாகக் கண்டறிய இயலாமையும் இதன் குறைகள். கருவுற்ற பெண்களுக்கு வாய்வழி ஃபுளுகோனசோல் தவிர்க்கப்படுவதால், மாதவிடாய் தள்ளிப்போயிருப்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லவும் பெண்களுக்குக் கற்பித்தல் வேண்டும்.

செவிலியர் கையில் இருக்கத்தக்க வினாக்கள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில், வீட்டு வருகையின்போது கேட்கத்தக்க வினாக்களைப் பின்வருமாறு வரிசைப்படுத்தலாம்.

1. கசிவுடன் அரிப்பு, எரிச்சல், கவிச்சி வாடை, நிறமாற்றம் ஆகியவற்றில் ஏதேனும் உண்டா? ஒன்றும் இல்லையெனில், அது இயல்பானது என்று விளக்கி அச்சம் போக்குதல்.

2. அடிவயிற்று வலி, காய்ச்சல், உடலுறவுக்குப் பின் இரத்தக்கசிவு, மாதவிடாய் நின்ற பின் இரத்தக்கசிவு ஆகியவை உண்டா? இருப்பின், பொதி மருந்தோடு நிறுத்தாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல். கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தல்.

3. கருவுற்றிருக்கிறாரா? சர்க்கரை நோய் உண்டா? அண்மையில் ஆன்டிபயாட்டிக் உண்டாரா?

4. உட்பகுதியைக் கழுவுகிறாரா? களிம்பு ஏதேனும் தடவுகிறாரா?

5. மணமானவராயின், கணவருக்கும் மருந்து தேவைப்பட்டால் அதனை அவரிடம் சொல்ல இயலுமா? இயலாதெனில், யார் சொல்வது?

6. எந்த நாளில், எந்த நேரத்தில் அவரால் வர இயலும்? அந்நேரத்தில் பெண் மருத்துவரோ செவிலியரோ எங்கே இருப்பார்?

ஐந்தாம், ஆறாம் வினாக்கள் அறிவைச் சோதிப்பவை அல்ல. ஆயினும் பெற்ற அறிவு பயன்படுவதும் படாததும் அவற்றின் விடையைப் பொறுத்தே அமையும்.

பயனை மதிப்பிடுதல்

செவிலியர் கல்வி ஆய்வேடுகளில், ஒரு குழுவினருக்கு முன்சோதனை வைத்து, திட்டமிட்ட பாடம் நடத்தி, சில நாள்களில் பின்சோதனை வைக்கும் முறை பரவலாகக் காணப்படுகிறது. பாடம் கேட்டவரின் மதிப்பெண் உயர்வது எதிர்பார்க்கத்தக்கதே. ஒப்பீட்டுக் குழு இல்லாமையால், அவ்வுயர்வு பாடத்தால் மட்டுமே விளைந்தது எனவும் கொள்ள இயலாது. அதைவிட முக்கியமானது, மதிப்பெண் உயர்ந்த பெண் மருத்துவரிடம் சென்றாரா என்பது அச்சோதனையில் வெளிப்படுவதில்லை.

ஆகவே, மூன்று மாதங்கள் கழித்து வேறு அளவைகளைக் கொள்ளலாம்: அறிகுறியுள்ளவர்களில் மருத்துவம் பெற்றவர் எத்தனை பேர், மருந்தை முழுமையாக உண்டவர் எத்தனை பேர், கணவரும் மருந்து பெற்ற இணையர் எத்தனை பேர், உட்புறம் கழுவுவதை நிறுத்தியவர் எத்தனை பேர், நோயின்றியே அஞ்சி மருந்து வாங்குவதை விட்டவர் எத்தனை பேர். இவற்றுள் இறுதி அளவை பெரும்பாலும் விடுபடுவது. அச்சத்தைக் கூட்டாமல் அறிவைக் கூட்டியதா என்பதற்கு அதுவே சான்றாகும்.

முடிவுரை

வெள்ளைப்படுதல் என்னும் சொல்லுக்குள் இயல்பும் நோயும் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பெண்களின் வழக்குச் சொற்களாலேயே பிரித்துக் காட்டுவது நலக்கல்வியின் முதற்படி. தூய்மையை மட்டும் வலியுறுத்தும் பாடம் நோயுற்றவளைக் குற்றவாளியாக்குவதோடு, உட்புறம் கழுவும் பழக்கத்தால் நோயையும் வளர்க்கக்கூடும். மீண்டும் வரும் தொற்றில் ஆணுக்குப் பங்கிருப்பதால், கற்பிக்கப்பட வேண்டியவர்களுள் கணவன்மாரும் அடங்குவர்.

பெண்கள் மருத்துவத்தை நாடாமைக்குக் கூறிய ஐந்து காரணங்களில் நான்கு, பெண்களால் மாற்ற இயலாதவை. மருத்துவ ஏற்பாட்டைச் செய்வோரால் மாற்றத்தக்கவை. மடத்துக்குளம் போன்ற, வயலும் ஆலையும் அருகருகே அமைந்த வட்டாரத்தில், வேலைநேரத்துக்குப் பின்னரோ வார விடுமுறை நாளிலோ, மறைவிடத்துடன், பெண் செவிலியர் ஒருவர் இருக்கும் மருத்துவ நேரம் இல்லாமல் எந்தப் பாடமும் முழுமை பெறாது. திண்டுக்கல் பட்டறிவு காட்டுவதுபோல், அத்தகைய ஏற்பாடு அமையுமாயின் பெண்கள் வருவார்கள். நலக்கல்வி குறித்த இனிவரும் ஆய்வுகள் பெண்கள் எவ்வளவு அறிந்தார்கள் என்பதோடு, அறிந்த பின் அவர்கள் செல்வதற்கு இடம் இருந்ததா என்பதையும் அளத்தல் வேண்டும்.